வெறும் கேள்வித்தாளுக்கு எத்திக்ஸ் கமிட்டி எதற்கு?

முகில்வண்ணன் (திரியைத் தொடங்கியவர்)

முதுகலை உளவியல், கடைசி செமஸ்டர். ப்ராஜெக்ட் தலைப்பு, தேர்வு நேரத்தில் மாணவர்களின் தூக்கமும் மனச்சோர்வும். ஊசி கிடையாது, மருந்து கிடையாது, யாரையும் ஏமாற்றப் போவதும் கிடையாது. ஒரு கேள்வித்தாள், அவ்வளவுதான். பெயர்கூடக் கேட்கவில்லை.

மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளுக்கு முன் அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி இதை இரண்டாவது முறையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அடுத்த கூட்டம் அடுத்த மாதம். அதற்குள் தேர்வே முடிந்துவிடும். தேர்வு நேரத்துத் தூக்கத்தைப் பற்றி விடுமுறையில் போய்க் கேட்கவா?

புது மருந்தைச் சோதிப்பவருக்கும் எனக்கும் ஒரே விண்ணப்பம். "ரத்த மாதிரிகள் எங்கே பாதுகாக்கப்படும்?" என்று ஒரு கட்டம். "பொருந்தாது" என்று எழுதி எழுதியே கை ஓய்ந்துவிட்டது. மாணவர் ப்ராஜெக்டுகளுக்கு கைடு சரி என்றால் போதும், கமிட்டி வேண்டாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

தராசு

நான் இப்படியொரு கமிட்டியில் உறுப்பினர். உங்கள் கமிட்டி இல்லை, பயப்படாதீர்கள். தாமதத்தைப் பற்றிய கோபம் நியாயம்தான். ஆனால் "வெறும் கேள்வித்தாள்" என்பதில்தான் இடறுகிறது.

மனச்சோர்வுக்கு எந்த அளவுகோல் வைத்திருக்கிறீர்கள்? பி.எச்.க்யூ-9 என்று வைத்துக்கொள்கிறேன், மாணவர்கள் பெரும்பாலும் எடுப்பது அதைத்தான். அதன் ஒன்பதாவது கேள்வியைப் பாருங்கள். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ கடந்த இரண்டு வாரங்களில் எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. ஒரு பெண் "ஏறக்குறைய தினமும்" என்பதில் டிக் அடிக்கிறாள். நீங்கள் அதை எப்போது பார்ப்பீர்கள்? டேட்டா முழுக்கச் சேர்ந்த பிறகு, எக்ஸெல்லில். அங்கே அது ஒரு கட்டத்துக்குள் 3 என்ற எண். பெயர் கேட்கவில்லை என்று பெருமையாகச் சொன்னீர்கள். அதனாலேயே அவளைத் தேடிப்போகவும் உங்களுக்கு வழியில்லை.

முகில்வண்ணன்

பி.எச்.க்யூ-9தான். ஆனால் மேடம், தற்கொலை பற்றிக் கேட்பதாலேயே அந்த எண்ணம் வந்துவிடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். உங்களுக்கு உறுத்தினால் ஒன்பதாவது கேள்வியை நீக்கிய பி.எச்.க்யூ-8 இருக்கிறது. அதைப் போட்டுவிடுகிறேன். தீர்ந்ததா?

தராசு

கேட்பதால் எண்ணம் வராது என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையில்லை. பதில் வந்த பிறகு என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கேள்வி. உங்கள் ஆய்வுக்குத் தற்கொலை எண்ணம் தேவையில்லை என்றால் எட்டு போதும், தாராளமாக மாற்றுங்கள். தேவை என்றால் ஒன்பதை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்திலேயே உதவி எண் கொடுங்கள். வருகிற பதில்களை அன்றன்றே பாருங்கள். ஓர் ஆலோசகரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். கமிட்டி கேட்க வேண்டியது இவ்வளவுதான்.

களப்பணி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சமூகவியலில் முனைவர் பட்டம் செய்கிறேன்.

கமிட்டி பங்கேற்பாளரைக் காக்கிறது என்பது பாதிதான். மீதிப் பாதி, நாளைக்கு வழக்கு வந்தால் நிறுவனம் தப்பிக்க ஒரு ஃபைல். நான் பேட்டி எடுப்பது உரிய ஆவணமில்லாமல் வேலை பார்ப்பவர்களை. அவர்கள் பெயரை நான் எங்கேயும் எழுதுவதில்லை. ஆனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கு என்கிறது கமிட்டி. வாங்கினால், அவர் என்னிடம் பேசினார் என்பதற்கு உலகத்திலேயே இருக்கப்போகும் ஒரே ஆதாரம் அந்தக் காகிதம். யாரைக் காக்க யாரைக் காட்டிக்கொடுப்பது?

ரிக் ஸ்கார்ஸ் என்று ஒருவர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆய்வு மாணவர். தீவிர விலங்குரிமைப் போராளிகளைப் பற்றி ஆய்வு செய்தவர். பேட்டியில் கேட்டதைச் சொல் என்று கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குழு) கட்டாயப்படுத்தியபோது மறுத்தார். 1993இல் 159 நாள் சிறையில் இருந்தார். கொடுத்த வாக்குக்காக உள்ளே போனது மாணவர். எந்தக் கமிட்டியும் கூடப் போய் உட்காரவில்லை.

இன்னொன்று. நான் பேட்டி எடுக்கும் ஆளிடம் இதே கேள்வியைப் பத்திரிகையாளர் கேட்டால் யார் அனுமதியும் வேண்டாம். அமெரிக்காவில் 2017இல் திருத்திய விதிகள், வாய்மொழி வரலாறு, இதழியல் போன்றவற்றைக் கமிட்டி வரம்பிலிருந்து வெளியே எடுத்துவிட்டன. அங்கே வானம் இடிந்து விழவில்லை.

தராசு

கையெழுத்து விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் குறிப்பிடும் அதே அமெரிக்க விதிகளில், ஒப்புதல் படிவம் ஒன்றுதான் ஆளை அடையாளம் காட்டும் ஆவணம், ரகசியம் வெளியாவதுதான் முக்கிய ஆபத்து என்றால், கையெழுத்துக்கு விலக்கு கேட்கலாம். வாய்மொழி ஒப்புதல் போதும். மாணவர்கள் கேட்பதில்லை, கைடுகளும் சொல்லித் தருவதில்லை.

மாணவர் ஆய்வு என்பதாலேயே ஆபத்து சிறியது என்றும் நினைக்காதீர்கள். லாட் ஹம்ஃப்ரீஸ் 1960களில் செயின்ட் லூயிஸில் முனைவர் பட்ட மாணவர். பொதுக் கழிப்பறைகளில் ஆண்கள் ஒருவரோடொருவர் உறவு கொள்வதை, காவல் பார்ப்பவர்போல நின்று கவனித்தார். அவர்களுடைய கார் எண்களைக் குறித்துக்கொண்டார். அதை வைத்து முகவரிகளைப் பிடித்தார். ஏறக்குறைய ஓராண்டு கழித்து, தோற்றத்தை மாற்றிக்கொண்டு, சுகாதார சர்வே என்று சொல்லி அவர்கள் வீட்டுக்கதவையே தட்டினார். மனைவி பிள்ளைகள் இருக்கும் வீடு! அந்தக் காலத்தில் அந்த உறவு சட்டப்படி குற்றம். அந்தப் பட்டியல் தவறான கையில் சிக்கியிருந்தால் எத்தனை குடும்பம் சிதைந்திருக்கும்?

களப்பணி

சிக்கவில்லையே. அந்த ஆண்களில் பாதிக்கு மேல் மணமானவர்கள், சாதாரண வேலைக்குப் போகிறவர்கள் என்று காட்டி, அவர்களைப் பற்றிய மூடத்தனமான பிம்பத்தை உடைத்த ஆய்வு அது. இன்றைய கமிட்டி அதை வாசலிலேயே தடுத்திருக்கும். அதை நான் இழப்பு என்றுதான் சொல்வேன்.

தராசு

சிக்கவில்லை என்பது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி அடுத்தவர் தலையை அடகு வைக்க மாணவருக்கு யார் உரிமை கொடுத்தது?

எண்ணும்எழுத்தும்

நீங்கள் இருவரும் அமெரிக்காவில் இருங்கள். நான் முகிலிடம் வருகிறேன்.

"பெயர் கேட்கவில்லை" என்றீர்களே தம்பி, கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் என்னென்ன கேட்கிறீர்கள்?

முகில்வண்ணன்

வழக்கமானதுதான். பிறந்த தேதி, பாலினம், துறை, எந்த ஆண்டு, விடுதியா வீடா, தாய்மொழி.

எண்ணும்எழுத்தும்

நினைத்தேன். ஒரு துறையின் இரண்டாம் ஆண்டில், விடுதியில் தங்கும் பெண்களில், குறிப்பிட்ட ஒரு தாய்மொழிக்காரர் எத்தனை பேர் இருப்பார்கள்? பல வகுப்புகளில் ஒரே ஒருத்தி. உங்களுக்குத் தெரியாது, ஆனால் அவள் வகுப்பில் உள்ள எல்லாருக்கும் தெரியும். பிறந்த தேதி வேறு.

1997இல் எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, பெயர் நீக்கி வெளியிடப்பட்ட அரசு ஊழியர் மருத்துவத் தரவை எடுத்து, காசு கொடுத்து வாங்கிய வாக்காளர் பட்டியலோடு பொருத்தினார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு, மூன்றே விவரம். மாசசூசெட்ஸ் ஆளுநருடைய மருத்துவப் பதிவே கையில் வந்துவிட்டது. நீங்கள் ஆறு கேட்கிறீர்கள்.

கூகுள் ஃபார்ம் என்றால் மின்னஞ்சல் சேகரிப்பு அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

முகில்வண்ணன்

தாய்மொழியை எடுத்துவிட்டேன். பிறந்த தேதிக்குப் பதிலாக வயது வரம்பு. மின்னஞ்சல் அணைந்துதான் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதையெல்லாம் சொன்னது நீங்கள் இருவரும். கமிட்டி அனுப்பிய கடிதம் என் முன்னால் இருக்கிறது. அதில் உள்ளவை: கைடு கையெழுத்து நீல மையில் இல்லை. தகவல் தாளில் லோகோ இல்லை. பக்க எண் விட்டுப்போயிருக்கிறது. ஒன்பதாவது கேள்வியைப் பற்றி ஒரு வரி இல்லை! முதல் பக்கத்தைப் பற்றியும் இல்லை. இதைத்தான் பாதுகாப்பு என்கிறீர்களா மேடம்?

தராசு

இல்லை. அப்படித்தான் கடிதம் வந்தது என்றால் அது வெட்கக்கேடு. கேள்வித்தாளை யாரும் படிக்கவில்லை என்று பொருள். குறைந்த ஆபத்துள்ள ஆய்வை முழுக் கூட்டத்துக்குக் காத்திருக்க வைக்காமல், ஓரிரு உறுப்பினர்களே பார்த்து முடிக்கும் விரைவு ஆய்வு முறை பல இடங்களில் உண்டு. தலைவருக்கு எழுதிக் கேளுங்கள். தேர்வு தேதியைக் காரணமாகச் சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒன்று. கேள்வித்தாளை யார் கொடுக்கப்போகிறார்கள்?

முகில்வண்ணன்

கைடுதான். அவருடைய வகுப்பில் கடைசிப் பத்து நிமிடம். அவர் முன்னால் நின்றால் எல்லாரும் ஒழுங்காக நிரப்புவார்கள்.

களப்பணி

ஐயோ, இதில் நான் மேடம் பக்கம். மார்க் போடுகிறவர் எதிரில் நிற்க, யார் "எனக்கு விருப்பமில்லை" என்பார்கள்? நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்பில் 1947இல் வந்த நியூரம்பெர்க் விதிகள் பத்து. முதல் விதியே, வற்புறுத்தல் இல்லாமல் தானாகத் தருவதுதான் ஒப்புதல் என்கிறது. அனுமதி கொடுக்க கைடு போதும் என்றீர்கள். அந்த கைடே இங்கே சிக்கல்.

முகில்வண்ணன்

அவர் இல்லாமல் லிங்க் அனுப்பினால் நூறு பேரில் பதினைந்து பேர் நிரப்பினால் பெரிது. சாம்பிள் போதவில்லை என்று வைவாவில் இதே கைடு கேட்பார். அதற்கு நீங்கள் யாராவது வந்து பதில் சொல்வீர்களா?

எண்ணும்எழுத்தும்

கைடு வெளியே போகட்டும், நீங்கள் போய்க் கொடுங்கள். நிரப்பினாலும் நிரப்பாவிட்டாலும் எல்லாரும் தாளை மடித்து ஒரே பெட்டியில் போடச் சொல்லுங்கள். வெற்றுத்தாள் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பதினைந்துக்கு மேல் நிச்சயம் வரும். ஆனால் தாள் என்றால் மேடம் சொன்னபடி அன்றன்றே பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

முகில்வண்ணன்

பெட்டி யோசனை நன்றாக இருக்கிறது. எட்டையே வைத்துக்கொள்கிறேன், ஒன்பதாவதைக் கையாள என்னால் ஆகாது. விரைவு ஆய்வு கேட்டு இன்றே தலைவருக்கு எழுதுகிறேன். கைடிடம் "நீங்கள் வகுப்பில் இருக்கக் கூடாது" என்று எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. மேடம், அதைக் கமிட்டியே நிபந்தனையாக எழுதிக் கொடுக்குமா? நான் சொன்னால் அவர் முகம் சுளிப்பார்.

தராசு

கொடுக்கும். விண்ணப்பத்தில் டேட்டா சேகரிக்கும் முறை என்ற இடத்தில் நீங்களே அப்படி எழுதி அனுப்புங்கள். அனுமதி அந்த முறைக்குத்தான் வரும், பிறகு அவராலும் மாற்ற முடியாது.