சொந்தப் படத்துக்குப் பணம் திரட்டுவது: வட்டிக்கா, பங்குக்கா?

செக்காலைக்காரன்:
காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் ஆகிய மூன்று ஊருக்குள்ளேயே நடக்கிற கதை ஒன்று தயாராக இருக்கிறது. தெரிந்த முகம் யாரும் கிடையாது. பட்ஜெட் 45 லட்சம். என் சேமிப்பு, ஒளிப்பதிவாளரின் சொந்த கேமரா எல்லாம் சேர்த்து 12 லட்சத்துக்கு வழி இருக்கிறது. மீதி 33 லட்சத்துக்கு இரண்டு பேச்சு வந்திருக்கிறது. ஊரிலேயே ஒருவர் மொத்தத்தையும் இரண்டு வட்டிக்குத் தருகிறார், வீட்டுப் பத்திரத்தை வைக்க வேண்டும். இல்லையென்றால் சொந்தக்காரர்களும் சிங்கப்பூர் நண்பர்களுமாகப் பதினொரு பேர், ஆளுக்கு மூன்று லட்சம், லாபத்தில் பங்கு. சினிமாவில் பணம் போட்டவர்கள், வாங்கியவர்கள் இரண்டு தரப்பும் சொல்லுங்கள்.

பள்ளத்தூரான்:
வட்டிக்கு வாங்கு தம்பி, யோசிக்காதே. கடன் ஒரு நாள் முடியும். பங்கு முடியாது. பதினொரு பேர் பணம் போட்டால் பதினொரு தயாரிப்பாளர். ஒருவர் மச்சினனுக்கு வேஷம் கேட்பார், ஒருவர் கிளைமாக்ஸை மாற்றச் சொல்வார். படம் ஓடாவிட்டால் அடுத்த இருபது வருடத்துக்கு ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் அவர்கள் பக்கத்து இலையில்தான் உட்கார வேண்டும். வட்டிக்காரர் உன் கதையைப் படிக்க மாட்டார். மாசம் பிறந்தால் வட்டி, அவ்வளவுதான். படம் ஜெயித்தால் முழுசும் உன்னுடையது.

கணக்கர் பேரன்:
அண்ணே, முழுசும் அவருடையது என்றால் எது முழுசு? எழுதிப் பார்ப்போம். 33 லட்சத்துக்கு இரண்டு வட்டி மாதம் 66,000. சின்னப் படம் ஷூட்டிங் தொடங்கி தியேட்டருக்கு வர ஒன்றரை வருடம் ஆவது சாதாரணம். அதற்குள் வட்டி மட்டும் 11,88,000. அந்த ஒன்றரை வருடமும் படத்திலிருந்து ஒரு பைசா வரவு கிடையாது. அப்புறம் வட்டியை எதிலிருந்து கட்டுவார்? அசலை எடுத்துத்தான். ஷூட்டிங்குக்கு வாங்கிய பணம் ஷூட்டிங்கை நடத்த வாங்கிய கடனுக்கே போகும்.

வரவையும் பாருங்கள். டிக்கெட்டில் வரி போக 100 ரூபாய் நின்றால் பாதி தியேட்டருக்கு. மீதியில் விநியோகஸ்தர் கமிஷன், டிஜிட்டல் புரொஜக்‌ஷன் கட்டணம், போஸ்டர், விளம்பரம். தயாரிப்பாளர் கைக்கு 40 ரூபாய் வந்தால் நல்ல ஏற்பாடு. 45 லட்சம் அசலை எடுக்கவே ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் டிக்கெட் வாங்க வேண்டும். பெயர் தெரியாத நடிகர்களை வைத்து, வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை காட்சி குறையும் படத்துக்கு இது மலை. ஓ.டி.டி. இருக்கிறதே என்பீர்கள். 2020, 21 போல இப்போது சின்னப் படங்களை மொத்தமாக வாங்குவதில்லை; பல தளங்களில் பார்வை நேரத்துக்குத் தகுந்த பங்குதான். அதுவும் தவணை தவணையாக வரும். வட்டி தவணைக்குக் காத்திருக்காது.

பள்ளத்தூரான்:
கணக்கு சரி. அதே கணக்கில் உன் பதினொரு பேருக்கும் நாமம்தானே?

கணக்கர் பேரன்:
அவர்களுக்கு நஷ்டம் வரலாம், உண்மை. அதை முதல் நாளே சொல்லி வாங்க வேண்டும். ஆனால் பத்திரம் போகாது. வெளியீட்டுக்கு முதல் நாள் ராத்திரி கழுத்தில் கத்தி இருக்காது. பிலிம் காலத்தில் ஃபைனான்சியர் லேப் லெட்டர் வாங்கி வைத்துக்கொள்வார், அவர் சொல்லாமல் லேபிலிருந்து பிரிண்ட் வெளியே போகாது. இப்போது பிலிம் இல்லை, அதே வேலையை, படக் கோப்பைத் திறக்கிற டிஜிட்டல் சாவி செய்கிறது. தியேட்டர்காரர் ஹார்டு டிஸ்க்கை ஏற்றிவிட்டுச் சாவிக்குக் காத்திருப்பார். பாக்கியைத் தீர்த்தால்தான் சாவி. காலைக் காட்சி ரத்து என்று செய்தி வருகிறதே, அதில் பாதி இந்தக் கதைதான். அந்த நேரத்தில் தயாரிப்பாளர் எந்த உரிமையை எந்த விலைக்குக் கேட்டாலும் எழுதிக் கொடுப்பார்.

கோனாபட்டு மீனா:
பணம் போட்ட வீட்டிலிருந்து பேசுகிறேன். எங்கள் அப்பச்சி ஒரு சின்னப் படத்தில் இரண்டு லட்சம் போட்டார்கள், பங்குக்குத்தான். பூஜைக்குக் கூப்பிட்டார்கள், மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். அதற்கப்புறம் போன் இல்லை. படம் வந்தது, ஒரு வாரத்தில் போனது. சரி, சினிமா அப்படித்தான் என்று அப்பச்சி விட்டுவிட்டார்கள். அடுத்த தீபாவளி மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டி.வி. போட்டால் அந்தப் படம் ஓடுகிறது. சாட்டிலைட் உரிமையை விற்றிருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். எவ்வளவுக்கு என்று கேட்டதற்கு, அது கடனுக்குப் போய்விட்டது என்று ஒரே வரியில் மெசேஜ். போயிருக்கலாம். அந்தக் காகிதத்தைக் காட்ட என்ன தடை?

இப்போது யார் வந்து சினிமாவுக்குப் பங்கு என்றாலும் எங்கள் வீட்டில் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவோம். பங்கு கேட்கிற தம்பி, எத்தனை சதவீதம் லாபம் என்று சொல்வதற்கு முன்னால் எந்தத் தேதியில் கணக்கு வரும் என்று சொல்லுங்கள்.

பள்ளத்தூரான்:
பாருங்கள், நான் சொன்னதைத்தான் ஆச்சி சொல்கிறார்கள். பங்குக்குப் போட்டவருக்குப் பிடி கிடையாது. வட்டிக்குக் கொடுத்திருந்தால் நோட்டு இருந்திருக்கும், பத்திரம் இருந்திருக்கும். நம் ஐயாக்கள் இதில்தான் பர்மா, மலாயா, இலங்கை என்று போய்ப் பெரிய வீடு கட்டினார்கள். கடன், அடமானம், வட்டி. கலை அல்ல.

கணக்கர் பேரன்:
பர்மாவை இழுத்துவிட்டீர்கள், சொல்கிறேன். 1930களின் மந்தத்தில் கடன் வாங்கின விவசாயி கட்ட முடியாமல் அடமானம் மூழ்கி, கீழ்ப் பர்மா நெல் மாவட்டங்களில் சுமார் கால் பங்கு நிலம் செட்டியார்கள் கையில் வந்து சேர்ந்தது. யாரும் ஆசைப்பட்டு வாங்கின நிலமில்லை. அப்புறம் யுத்தம், விடுதலை, நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. அடமானம் கையில் இருந்தும் முதல் போனது. இந்தத் தம்பியின் வீட்டை எடுத்து அந்த வட்டிக்காரர் என்ன செய்யப் போகிறார்? நம் பக்கத்தில் பங்காளி வழக்கில்லாத வீடு எத்தனை?

அதே பர்மாவில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அதைத்தான் சினிமாக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாளி இங்கே ஊரில் இருப்பார். ஏஜெண்டு மூன்று வருடக் கணக்குக்குக் கப்பலேறுவார். அடுத்தவர் பணத்தை வைத்துக் கடை நடத்துவார். சம்பளம் உண்டு, முடிவில் லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. ஆனால் பேரேடு ஒழுங்காக எழுதி ஊருக்குக் கணக்கு வந்துகொண்டே இருக்கும். இயக்குநர் அந்த ஏஜெண்டு. முதலாளி கதையில் தலையிட வேண்டாம், இவர் கணக்கை மறைக்க வேண்டாம்.

செக்காலைக்காரன்:
இதை எப்படி எழுதுவது? லாபத்தில் பங்கு என்று மட்டும்தான் பேசியிருக்கிறேன்.

கணக்கர் பேரன்:
லாபம் என்ற சொல்லே சண்டைக்கு விதை. எதைக் கழித்த பின் லாபம்? வரவு எந்த வரிசையில் யாருக்குப் போகும் என்று எழுதுங்கள். முதலில் வெளியீட்டுச் செலவு. அடுத்து பணம் போட்டவர்களுக்கு அவர்கள் போட்ட முதல், அதற்கு மேல் 20 சதவீதம். அது தீர்ந்த பிறகு பாதி அவர்களுக்கு, பாதி உங்களுக்கும் சம்பளத்தை விட்டுக்கொடுத்த நடிகர், டெக்னீஷியன்களுக்கும். அமெரிக்காவில் சின்னப் படங்களில் இது பரவலான ஏற்பாடு. நம் ஆட்களுக்கும் ஒரு நிமிடத்தில் புரியும். உங்கள் இயக்குநர் சம்பளம் பட்ஜெட்டுக்குள் எவ்வளவு என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். பின்னால் தெரிந்தால்தான் கசக்கும்.

கோட்டையூர் ஆடிட்டர்:
பேச்சு நன்றாகப் போகிறது, சட்டப் பக்கம் கொஞ்சம். பதினொரு பேருக்கு எல்.எல்.பி., அதாவது பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம் போதும், 2008 சட்டம். போட்ட பணத்துக்கு மேல் பொறுப்பு வராது, வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். மீனா ஆச்சி கேட்ட காகிதத்தில் ஒரு பகுதி தானாக வந்துவிடும். சிங்கப்பூர் நண்பர்கள் இந்தியக் குடிமக்கள் என்றால் வெளிநாட்டில் இருக்கிற இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. அல்லது என்.ஆர்.இ. வங்கிக் கணக்கு வழியாக வரட்டும், கையில் வாங்காதீர்கள். கடன் வாங்கினாலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது.

வாட்ஸ்அப்பில் "என் படத்தில் முதலீடு செய்யுங்கள், 18 சதவீதம் நிச்சயம்" என்று பரப்பினால் வம்பு. முன்பின் தெரியாதவரிடம் நிச்சய வருமானம் சொல்லிப் பணம் வாங்குவது 2019 டெபாசிட் தடைச் சட்டத்துக்குள் போய் விழும். கம்பெனியாகவே பதிவு செய்தாலும் பங்கு தர ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் அழைக்க முடியாது, அதற்கும் விளம்பரம் கூடாது.

பலர் தவறவிடுவது கதை உரிமை. கதை உங்கள் பெயரில் இருக்கிறது. அதை எல்.எல்.பி.க்கு எழுத்தில் மாற்ற வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்து வருடம்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். நாளைக்கு மலேசியாவுக்கு விற்கப் போகும்போது வாங்குகிறவரின் வக்கீல் முதலில் இதைத்தான் கேட்பார்.

ஆத்தங்குடி வீட்டுக்காரர்:
இடையில் ஒரு யோசனை. ரொக்கமே முதல் என்று ஏன் நினைக்கிறீர்கள்? வீட்டு வாடகையைப் பங்காக எழுதிக்கொள்ளத் தயாராக இங்கே சிலர் இருக்கிறோம். பூட்டிக் கிடக்கிற வீடுதான். ஆனால் எங்கள் பயமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவரில் உங்கள் லைட் ஆட்கள் வயரை டேப் போட்டு ஒட்டுவார்கள். உரிக்கும்போது டேப்போடு கையகலம் பூச்சு வந்துவிடும். அதைத் திரும்பப் பூச ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. வளவில், அதாவது உள் முற்றத்தில், கேமரா டிராலிக்குத் தண்டவாளம் போட்டால் கீழே கட்டை வைக்காமல் போடுவார்கள், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் கீறும். டேப் கூடாது, தண்டவாளத்துக்கு அடியில் சாக்கும் பலகையும், உடைந்தால் யார் செலவு, இதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதினால் முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை திறந்துவிடலாம். இன்னொன்று, பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் விட்டுப்போனாலும் ஷூட்டிங் அன்றைக்குச் சரியாக வந்து நிற்பார்.

பள்ளத்தூரான்:
இது நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சினிமாவுக்கு ஊர்ப் பணம் என்று சரித்திரம் பேசுகிறவர்களுக்கு ஒன்று. கண்ணதாசன் நம் சிறுகூடல்பட்டிக்காரர். சொந்தப் படம் எடுத்துப் பட்ட கடனை அவரே எழுதியிருக்கிறார். "கவலை இல்லாத மனிதன்" என்று படத்துக்குப் பேர் வைத்தவருக்கே அந்தக் கதி. அவருக்கு இல்லாத பேரா, ஆளா?

கணக்கர் பேரன்:
அவர் பட்டது கடனால்தானே அண்ணே! உங்கள் கட்சிக்கு நீங்களே எதிர்ச்சாட்சி கொண்டுவருகிறீர்கள். காரைக்குடி மெய்யப்பச் செட்டியாரையும் சொல்லுங்கள். 1930களில் அவர் எடுத்த முதல் இரண்டு படமும் தோல்வி. பிறகு தேவகோட்டை ரோட்டில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார், "நாம் இருவர்" 1947-ல் அங்கிருந்து வந்தது. முதல் இரண்டு படத்தோடு கூட்டாளிகள் விலகிப் போகும்படி நடந்திருந்தால் ஏ.வி.எம். என்ற எழுத்தே இருந்திருக்காது. முதல் படத்தில் நஷ்டப்பட்டவர் இரண்டாவது படத்துக்கும் வருவாரா என்பதுதான் கேள்வி.

பள்ளத்தூரான்:
அவர் கிராமபோன் ரெக்கார்டு வியாபாரம் தெரிந்த வியாபாரி. இந்தத் தம்பி அப்படியா?

தேவகோட்டை ரஸ்தா:
பெங்களூரில் 2013-ல் "லூசியா" என்ற கன்னடப் படத்துக்கு நூற்றுப்பத்துப் பேர் சேர்ந்து பணம் போட்டார்கள். 1976-ல் "மந்தன்" படத்துக்குக் குஜராத் பால் சங்க விவசாயிகள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய். இங்கேயும் செய்யலாம். தை மாதம் செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டையில் உலகத்திலிருக்கிற நகரத்தார் எல்லாம் கூடுவார்கள். அங்கே ஒரு டிரெய்லர் போட்டுக் காட்டினால் ஒரே நாளில் முடிந்தது.

கோனாபட்டு மீனா:
அங்கே போய்க் கேட்காதீர்கள். கண்ணாத்தாள் சந்நிதியில் பானை வைக்க வந்தவர்களிடம் துண்டுச்சீட்டு நீட்டினால் ஊரே முகம் சுளிக்கும். ஆனால் எல்லாரும் அந்த வாரம் வீட்டில் இருப்பார்கள். பொங்கல் முடிந்து, வீடு தேடிப் போய், எடுத்த பத்து நிமிடக் காட்சியைக் காட்டிப் பேசுங்கள். பால் சங்கத்துக்குச் சங்கம் இருந்தது, கணக்கு கேட்க ஆள் இருந்தது. உங்களுக்கு அது இல்லையே. பதினொரு பேரில் ஒருவரையாவது வங்கிக் கணக்கில் கூட்டுக் கையெழுத்துக்குப் போடுங்கள்.

செக்காலைக்காரன்:
கூட்டுக் கையெழுத்துக்குச் சம்மதம். மாதம் 5-ஆம் தேதி ஒரு பக்கக் கணக்கு, எடுத்து முடிந்த காட்சி எத்தனை, மீதி எத்தனை, கையிருப்பு எவ்வளவு. படம் வந்த பிறகும் எந்த உரிமை யாருக்குப் போனது என்ற ஒப்பந்த நகலோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இதை வரைவில் சேர்த்துவிட்டேன். வீட்டுப் பத்திரத்தை வைக்கப் போவதில்லை.

பள்ளத்தூரான்:
சரி, உன் இஷ்டம். ஒன்று கேட்கிறேன். அந்த 45 லட்சத்தில் போஸ்டர், விளம்பரம், தியேட்டருக்கு அனுப்புகிற செலவு இருக்கிறதா?

செக்காலைக்காரன்:
இல்லை அண்ணே. 45 லட்சம் என்பது படத்தின் முதல் பிரதி தயாராகிற வரைக்கும்தான். வெளியீட்டுக்குத் தனியாக 10 லட்சம் ஆகும் என்கிறார்கள்.

பள்ளத்தூரான்:
அதைப் பங்குக்காரரிடம் இரண்டாம் தடவை போய்க் கேட்டால் ஓடிவிடுவார்கள். படம் முடிந்து, சாட்டிலைட்டோ வெளிநாடோ ஏதாவது ஒரு உரிமைக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும். அந்த ஒப்பந்தத்தின் பேரில் மூன்றே மாதத்துக்கு, பத்திரம் இல்லாமல், ஒன்றரை வட்டிக்குத் தர எனக்கு ஆள் தெரியும். அப்போது வந்து பார்.

கணக்கர் பேரன்:
ஒன்றரையும் வருடத்துக்கு 18 அண்ணே. மூன்று மாதம் என்று நோட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், அதற்குமேல் எத்தனை என்பதையும் சேர்த்து.