ஞாயிறு ஒரே நாள் வியன்னா: ஊரும் பார்க்க வேண்டும், ஓபராவும் கேட்க வேண்டும்

கேட்டவர்: இசைப்பயணி

வணக்கம். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை இரவு நானும் மனைவியும் வியன்னா வந்து இறங்குகிறோம், திங்கள் காலை கிளம்ப வேண்டும். கையில் இருப்பது ஞாயிறு மட்டும். அவருக்கு இசை, எனக்குப் பழைய கட்டடங்கள். ஷூன்பிரூன் அரண்மனை, ஸ்டீஃபன் பேராலயம், பெல்வெடேர் அரண்மனை, பேத்தோவன் கல்லறை என்று பட்டியல் போட்டிருக்கிறோம். மாலையில் அரசு ஓபரா அரங்கில் இசைநாடகம். நல்ல இருக்கைகள் எல்லாம் போய்விட்டன. நின்று பார்க்கும் டிக்கெட் எப்படி வாங்குவது? இவ்வளவும் ஒரே நாளில் முடியுமா?

பதில்: கடைசிவரிசை

முடியாது. முதலில் மாலையை முடிவு செய்யுங்கள், மிச்ச நேரத்துக்குள் ஊரை அடக்குங்கள். பகலெல்லாம் நடந்துவிட்டு மூன்று மணி நேரம் நிற்பது எத்தனை ஆசை இருந்தாலும் கால் ஒத்துக்கொள்ளாது.

நிற்கும் டிக்கெட் நிகழ்ச்சி நடக்கும் அன்றுதான் விற்பனைக்கு வரும். காலை 10 மணிக்கு இணையத்தில் திறக்கும். மிஞ்சியவை நிகழ்ச்சிக்கு 80 நிமிடம் முன்பு அதற்கென்றே உள்ள கவுண்டரில் கிடைக்கும். பார்ட்டெர், பால்கன், கேலரி என மூன்று பகுதிகள். பார்ட்டெர் தரைத்தளத்தில் மேடைக்கு நேர் எதிரே, நடு மாடத்துக்குக் கீழே இருக்கிறது. பார்வைக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. கேலரி உச்சியில் இருக்கும். ஒலி அங்கே அருமையாக மேலேறி வரும், ஆனால் நடுப்பகுதியில் நிற்க வேண்டும். பக்கவாட்டில் நின்றால் மேடையில் பாதி தெரியாது.

நிற்பவர்களுக்குச் சாய்ந்துகொள்ளக் கம்பி உண்டு. கதவு திறந்ததும் இடம் பிடித்து, கம்பியில் ஒரு துண்டையோ ஸ்கார்ஃபையோ கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது. இது அங்கே எல்லோரும் மதிக்கிற பழைய வழக்கம். பிறகு நிம்மதியாக வெளியே போய்வரலாம். கோட்டையும் பையையும் காப்பறையில் கொடுத்துவிட வேண்டும். வசன மொழிபெயர்ப்புக்குச் சிறு திரை நிற்கும் இடத்திலும் இருக்கிறது.

பலர் கோட்டை விடுவது நேரத்தில்தான். தொடங்கியபின் வந்தால் இடைவேளை வரை உள்ளே விட மாட்டார்கள். இடைவேளையே இல்லாத ஓரங்க ஓபரா என்றால் டிக்கெட் வீண். ஞாயிறு என்றால் 7 மணிதான் என்றும் நினைக்காதீர்கள். நீண்ட ஓபராக்கள் மாலை 4, 5 மணிக்கே தொடங்கிவிடும்.

பதில்: பாதசாரி

ஷூன்பிரூனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 1441 அறைகள் கொண்ட அரண்மனை. பொதுமக்கள் பார்ப்பது அதில் சிறு பங்குதான், ஆனாலும் தோட்டமும் குன்றும் சேர்த்தால் அரை நாள் போய்விடும். கட்டடம் பிடிக்கும் என்கிறீர்கள், அதற்கு ரிங் சாலையே போதும். பழைய நகர மதிலை இடிக்கப் பேரரசர் பிரான்ஸ் யோசப் 1857இல் ஆணையிட்டு, அந்த இடத்தில் எழுந்த சாலை அது. ஓபராவும் நாடாளுமன்றமும் நகரமன்றமும் அதன்மேல்தான் இருக்கின்றன. ஒரே டிராம் முழு வட்டமும் சுற்றாது. 1, 2 எண் டிராம்களில் மாறி ஏறினால் பெரும்பகுதி பார்த்துவிடலாம்.

ஞாயிறு உங்களுக்கு வாய்த்தது நல்லது. கடைகள் மூடியிருக்கும், ஆனால் கோவில்களில் இசை உண்டு. அகஸ்டீன் ஆலயத்தில் காலை 11 மணித் திருப்பலிக்கு ஹைடன், மொசார்ட், ஷூபர்ட் போன்றோரின் திருப்பலி இசையைப் பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து நடத்துவார்கள். கட்டணம் இல்லை. 10:30க்குள் போனால் உட்கார இடம் கிடைக்கும். அது வழிபாடு, கச்சேரி அல்ல. நடுவில் எழுந்து படம் எடுக்கக் கூடாது.

ஹோஃப்பூர்க் அரண்மனைச் சிற்றாலயத்தில் 9:15க்கு வியன்னா சிறுவர் பாடகர் குழுவும் பாடுகிறது. ஆனால் பாடுபவர்கள் மேல்மாடத்தில் இருப்பார்கள், பெரும்பாலான இடங்களிலிருந்து கண்ணில் பட மாட்டார்கள். அதைவிட முக்கியம், 10 மணிக்கு ஓபரா டிக்கெட் திறக்கும்போது நீங்கள் திருப்பலிக்குள் இருப்பீர்கள். இரண்டில் ஒன்றுதான். நான் 10 மணிக்குப் போனும் கையுமாக ஒரு காப்பிக்கடையில் உட்காரச் சொல்வேன், பிறகு அகஸ்டீன்.

ஸ்டீஃபன் பேராலயத்தின் உள்ளே ஞாயிறு காலை திருப்பலிகள் நடக்கும், ஆகவே பிற்பகலில் போங்கள். 136 மீட்டர் தெற்குக் கோபுரத்துக்கு 343 படி, குறுகலான சுழல் படிக்கட்டு. மாலையில் நிற்கப் போகிறவர்களுக்கு அது வேண்டாம். வடக்குக் கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. பும்மெரின் என்ற பெரிய மணியும் அங்கேதான் தொங்குகிறது. 1945 தீயில் விழுந்து நொறுங்கிய பழைய மணியின் உலோகத்தை உருக்கி 1951இல் வார்த்தது. பின்புறச் சந்தில், டோம்காஸே 5இல், மொசார்ட் 1784 முதல் 1787 வரை குடியிருந்த வீடு.

உங்கள் தேதி அக்டோபரின் கடைசி ஞாயிறா என்று பாருங்கள். அன்று அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும், மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும்.

இசைப்பயணி

மிக்க நன்றி. மனைவிக்கு முழங்கால் வலி உண்டு, மூன்று மணி நேரம் நிற்க முடியாது. வேறு வழி இருக்கிறதா? கல்லறைக்குப் போகும் வழியும் சொல்லுங்கள்.

பதில்: கடைசிவரிசை

அப்படியானால் நிற்கும் டிக்கெட் வேண்டவே வேண்டாம். மேடை பாதி மறையும் பக்கவாட்டு இருக்கைகள் மலிவாகக் கிடைக்கும், தினமும் இணையத்தில் பாருங்கள், திரும்பி வரும் டிக்கெட்டுகளும் சேரும். மாடங்களில் வாங்கினால் முன்வரிசை மட்டும். பின்வரிசை நாற்காலியிலிருந்து மேடை அநேகமாகத் தெரியாது. இசைதான் முக்கியம் என்பதால் பார்வை குறைந்தாலும் அவருக்கு நஷ்டமில்லை. கீழே வாசிப்பவர்கள் புகழ்பெற்ற வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்கு ஆள் கொடுக்கிற அதே வாத்தியக் குழு.

அதுவும் அமையாவிட்டால் மியூசிக்ஃபெராய்ன் என்ற கச்சேரி அரங்கம். அதில் 1870இல் திறந்த பொன் மண்டபம், 48.8 மீட்டர் நீளம், 19.1 அகலம், 17.75 உயரம். செருப்புப் பெட்டி வடிவம். மேடையிலிருந்து வரும் ஒலி அருகருகே இருக்கும் பக்கச் சுவர்களில் பட்டுச் சட்டென்று காதுக்குத் திரும்புவதால்தான் அந்த நிறைவு. ஆனால் அங்கே நின்று கேட்பவர்கள் பின்னால் சமதரையில் நிற்பார்கள், ஆகவே அங்கேயும் இருக்கைதான்.

பேராலயத்தைச் சுற்றி மொசார்ட் காலத்துப் பொய்முடியும் சரிகைக் கோட்டும் போட்டவர்கள் டிக்கெட் விற்பார்கள். அவை சுற்றுலாப் பயணிகளுக்கென்று நடத்தும் தனிக் கச்சேரிகள், அரசு ஓபரா அல்ல. எந்த மண்டபம், யார் வாசிக்கிறார்கள், எந்த இருக்கை எண் என்று கேட்காமல் பணம் எடுக்காதீர்கள்.

பதில்: பாதசாரி

கல்லறைக்குப் பேராலயத்தை ஒட்டிய ஸ்டீஃபன்ஸ்பிளாட்ஸ் நிலையத்தில் யூ3 மெட்ரோ ஏறி, கடைசி நிலையமான ஸிம்மரிங்கில் இறங்கி 71 டிராமுக்கு மாறுங்கள். ரிங் சாலையிலிருந்தே 71இல் உட்கார்ந்து போகலாம், ஆனால் அதிக நேரம் பிடிக்கும். மத்தியக் கல்லறையின் இரண்டாம் வாசல் நிறுத்தத்தில்தான் இறங்க வேண்டும். சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டர் இடம், வாசல் மாறினால் முழங்காலுக்குத் தண்டனை. உள்ளே நேர்ப்பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் இடப்பக்கம் 32ஏ பகுதி. நடுவில் மொசார்ட் நினைவுச்சின்னம், பின்னால் பேத்தோவனும் ஷூபர்ட்டும், அருகே பிராம்ஸும் யோகான் ஸ்ட்ராஸும். மொசார்ட் புதைக்கப்பட்டது ஸாங்க்ட் மார்க்ஸ் கல்லறையில், இங்கே இருப்பது சின்னம் மட்டும்.

போகவர இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதாவது பெல்வெடேரா கல்லறையா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பெல்வெடேர் என்றால் நேரம் குறித்த டிக்கெட்டை முன்னதாக வாங்கிவிடுங்கள். இன்னொன்று, மெட்ரோவில் தடுப்புக் கதவு கிடையாது. காகித டிக்கெட்டை நுழைவிடத்தில் உள்ள நீலப் பெட்டியில் ஒருமுறை முத்திரை குத்த வேண்டும், குத்தாமல் ஏறினால் பரிசோதகருக்கு அது டிக்கெட் இல்லாப் பயணம்தான்.