பெரிய வெள்ளிக்கு என்ன படம் போடறது (நம்ம குடும்பம் குரூப்)

துடியலூர் பெரியப்பா: எல்லாத்துக்கும் தோத்திரமுங்க. பெரிய வெள்ளி பொழுதோட ஆனைகட்டிப் பக்கம் பதியில (இருளர் சனம் இருக்கற மலையூரு) படம் போடறோம். புதுசா வந்த பைபிள் படம், தமிழ் டப்பிங். மாப்பிள்ளை லிங்க் அனுப்பிருக்காரு.

திருப்பூர் மச்சான்: பிரிண்டு சூப்பருங்க மாமா. பென்டிரைவ்ல ஏத்திக் கொண்டாந்துடறேன்.

தடாகம் சித்தி: மாமா, அந்த லிங்க்கைத் தொறக்காதீங்க. எங்க ஸ்கூல் ஆயாம்மா இப்படித்தான் ஒரு படத்தை இறக்கப் போயி, கூடவே என்னமோ ஒரு ஆப் ஏறி, அக்கவுண்ட்ல இருந்த நாலாயிரமும் போச்சு.

திருப்பூர் மச்சான்: நாம காசு வாங்கியா போடறோம் அத்தை? ஆண்டவர் காரியந்தானுங்களே. மலைச்சனம் வேற எப்படிப் பாக்கறது?

வக்கீல் அண்ணன்: காசு வாங்காட்டியும் திருட்டுப் பிரிண்டு போட்டா குத்தம்தான் மச்சான். 1957 பதிப்புரிமைச் சட்டம், 63-ஆம் பிரிவு. தெரிஞ்சே மீறினா 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000-ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். ஆதாயத்துக்குச் செய்யலீன்னா கோர்ட் குறைக்கலாம், அவ்வளவுதான்.

தடாகம் சித்தி: சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். போன வருஷம் ரெண்டு மரத்துக்கு நடுவுல வேட்டி கட்டித் தமிழ்ப் படம் போட்டமே, ஒரு பாட்டி பக்கத்துல நான் உக்காந்திருந்தேன். அதுக்குப் பாதி வசனம் புரியலை. நாலாவது படிக்கிற பேத்திதான் காதோட காதா இருளப் பேச்சுல சொல்லிட்டே இருந்தா. சிலுவைக்கிட்ட வந்ததும் புள்ளைக்கு அழுகை முட்டிட்டு வந்து, சொல்றதை நிறுத்திட்டா. பாட்டி அவ கையைப் புடிச்சு உலுக்கி உலுக்கிக் கேக்குது, "என்னாச்சு, அவரு என்ன சொன்னாரு"ன்னு. எனக்கு இன்னிக்கும் அது கண்ணுக்குள்ளயே நிக்குது.

தடாகம் சித்தி: மாப்ள, நீங்க கேட்டது நியாயந்தான். ஆனா திருட்டு சைட்டுல இங்கிலீஷ் இருக்கும், இந்தி இருக்கும், தமிழ் இருக்கும். அந்தப் பாட்டி பேச்சு எந்தத் திருட்டு சைட்டுலயும் வராது. அதுக்கு அந்த ஊர்க்காரங்களே உக்காந்து குரல் குடுக்கோணும், படத்துக்காரங்க அனுமதி வேணும், செலவுக்கு ஆள் வேணும்.

கோவை அக்கா: அப்பிடி யாராச்சும் செஞ்சிருக்காங்களா சித்தி?

தடாகம் சித்தி: செஞ்சிருக்காங்க கண்ணு. 1979-ல வந்த இயேசு படம். லூக்கா சுவிசேஷத்தை வெச்சு எடுத்தது. 2,000 மொழிக்கு மேல டப்பிங் பண்ணிட்டாங்க, அத்தனையும் அந்தந்த மொழிக்காரங்க குரல். அவங்க ஆப்லயே இலவசம், தமிழும் இருக்கு. பதியில சிக்னல் கிடைக்காது, அதனால வீட்லயே இறக்கிக்கலாம்.

துடியலூர் பெரியப்பா: அதும் தமிழ்தானே அம்மிணி? பாட்டிக்கு எப்படி?

தடாகம் சித்தி: ஒவ்வொரு காட்சிக்கும் நிறுத்துவோம் மாமா. அந்தப் பதியில பிளஸ் டூ முடிச்ச பையன் ஒருத்தன் இருக்கான், மைக்ல அவங்க பேச்சுலயே சொல்லுவான். கேட்டுட்டேன், சரின்னுட்டான். இருளப் பேச்சுல டப்பிங் ஏற்கெனவே இருக்கான்னும், இல்லீன்னா முழுசா பண்ண என்ன வழின்னும் படத்துக்காரங்களுக்கு மெயில் போடறேன். அண்ணன் இங்கிலீஷைப் பாத்துக் குடுக்கட்டும்.

வக்கீல் அண்ணன்: இன்னிக்கு ராத்திரியே அனுப்புங்க சித்தி.

திருப்பூர் மச்சான்: லிங்க்கை அழிச்சுட்டனுங்க. ஸ்பீக்கரும் மைக்கும் என் பொறுப்பு.

துடியலூர் பெரியப்பா: நிறுத்தி நிறுத்திப் போட்டா நேரமாகும். யானை எறங்கற எடம், எட்டு மணிக்குள்ள சனம் வீடு சேரோணும். அஞ்சரைக்கே ஆரம்பிச்சர்லாமா?

தடாகம் சித்தி: வெளிச்சத்துல வேட்டியில படம் தெரியாது மாமா. சமுதாயக் கூடத்துச் சாவி வாங்கிடறேன். பாதிப் படம் வெள்ளி, மீதி ஞாயித்துக்கெழமை.