அமைச்சர் சம்பளத்தை எம்.பி. சம்பளத்தோடு இணைத்த திருத்தம்: அவை விவாதம் எங்கே கிடைக்கும்?

வணக்கம். மத்திய அமைச்சர்களின் சம்பளம் எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது என்பதை விளக்கி, கல்லூரி மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். அடுத்த மாதம் அச்சுக்குப் போக வேண்டிய வேலை ஓரிடத்தில் நின்றுவிட்டது.

அரசியலமைப்பின் 75(6) உறுப்பு இந்த அதிகாரத்தை நாடாளுமன்றத்திடம் தருகிறது. அதன்படி இயற்றப்பட்ட 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, இன்றைய வடிவில் தொகை எதையும் சொல்லாமல், 1954ஆம் ஆண்டின் எம்.பி.க்கள் சம்பளச் சட்டத்தைக் கைகாட்டுகிறது. 2018 நிதிச் சட்டம் எம்.பி. சம்பளத்தை 1,00,000 ரூபாயாக்கி, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை விலையேற்றக் குறியீட்டின்படி உயரவும் வழி செய்தது. 2023 ஏப்ரல் முதல் அது 1,24,000 ரூபாயானபோது, அமைச்சர்களின் சம்பளமும் தனி மசோதா இல்லாமலேயே உடன் உயர்ந்தது. தம் ஊதியத்தைத் தாமே முடிவு செய்வோர் அதை அவையில் எப்படி நியாயப்படுத்தினார்கள் என்பதைத்தான் மாணவர்கள் முதலில் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி.

அரசின் சட்டத் தொகுப்பு இணையதளத்தில் இருப்பது திருத்தப்பட்ட இறுதி வடிவம் மட்டுமே. மதுரையில் நான் பார்த்த நூலகப் பிரதி பழைய பதிப்பு; திருத்தச் சீட்டுகள் ஒட்டப்பட்ட அந்தப் பக்கத்தில் பசை காய்ந்து, 3ஆம் பிரிவுக்குரிய சீட்டு உதிர்ந்துவிட்டது. மக்களவையின் மின்னூலகத்தில் தலைப்பைக் கொண்டு தேடியபோது பிற்காலத் திருத்தங்களே வந்தன.

இந்த இணைப்பைக் கொண்டுவந்த திருத்தச் சட்டம் எந்த ஆண்டினது, அதன் மீதான மக்களவை விவாதத்தின் முழுப் பதிவை எங்கே பெறலாம்?