ஹால் சுவருக்கு எந்தக் கரும்பச்சை? யோசனை சொல்லுங்கள்

12 அடி அகலம், 10 அடி உயரம், ஒரே ஒரு சுவர். வடக்குப் பார்த்த ஜன்னல், நேர் வெயில் கிடையாது. இரவில் 3000 கெல்வின் (மஞ்சள் சாயல் வெளிச்சம்) எல்இடி. தேக்கு சோபா, வெளிர் டைல்ஸ் தரை.

ஒன்று நீலம் கலந்த பாட்டில் பச்சை, எல்ஆர்வி (நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தரும் என்ற அளவு, 0 கறுப்பு, 100 வெள்ளை) 6. மற்றது மஞ்சள் கலந்த ஆலிவ் பச்சை, எல்ஆர்வி 10. இரண்டையும் இரண்டடிக்கு இரண்டடி பலகையில் இரண்டு கோட் அடித்துச் சுவரில் சாய்த்திருக்கிறேன். சுவரிலேயே அடித்தால் பக்கத்து வெள்ளை கண்ணை ஏமாற்றும். பாட்டில் பச்சை பகலில் அழகு, மாலை ஐந்துக்கு மேல் கறுப்பாகிவிடுகிறது. ஆலிவ் தேக்கோடு நன்றாகச் சேர்கிறது, ஆனால் விளக்கு போட்டதும் பழுப்பு தட்டுகிறது. பல்பை 4000 கெல்வினுக்கு (இன்னும் வெள்ளையான வெளிச்சம்) மாற்றினால் சரியாகுமா? மனம் ஆலிவ் பக்கம்தான்.

அடுத்த குழப்பம் ஃபினிஷ். பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷில் கை பட்ட இடமெல்லாம் பளபளத்துத் தனியாகத் தெரியும். லேசாகப் பளபளக்கும் சாட்டினில், அடியில் பூசிய பட்டியின் மேடுபள்ளம் முழுக்கத் தெரியும். 220 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சாட்டினுக்குப் போதுமா?

அடர்நிற பேஸில் (நிறம் கலக்கும் முன் உள்ள மூலப் பெயிண்ட்) வெள்ளை நிறமி குறைவு, அடிச்சுவர் எளிதில் மறையாது. அதனால் சாம்பல் கலந்த பிரைமர், மேலே மூன்று கோட், ஒரே முறை கலந்த 4 லிட்டர் டின் என்று திட்டம். சாம்பல் பிரைமர் போட்டவர்களுக்கு இரண்டு கோட்டிலேயே மூடியதா?