தோண்டாம நிறுத்தறவர்தான் தலைவர்

தோஹாவுல கட்டட வேலையில இருந்தப்ப எங்க சைட்டுக்குப் பாதுகாப்பு மேற்பார்வையாளரா ஒரு சிரியாக்காரர் வந்தார். போருக்கு முன்னாடி தையற்காரர். அப்புறம் சிரியாவோட வடமேற்குல இருக்கிற இத்லிப் பக்கம் ஒரு மீட்புக் குழுவுக்குத் தலைவர். எனக்குத் தெரிஞ்ச அரைகுறை அரபியில ராத்திரி டீக்கு உட்கார்ந்து கேட்டதைத்தான் எழுதறேன்.

2011-ல ஆரம்பிச்ச கலகம் உள்நாட்டுப் போரா முத்தினதும், அரசு கைவிட்ட ஊர்கள்ல தீயணைப்பு வண்டிகூடக் கிடையாது. பேக்கரிக்காரர், வாத்தியார், படிக்கிற பையன்னு ஆளாளுக்கு இடிபாட்டுல இறங்கினாங்க. 2014-ல எல்லாரும் ஒரே அமைப்பாச் சேர, ராயித் அல் சாலிஹ் தலைமை ஏத்தார். வெள்ளைத் தலைக்கவசம்னு உலகத்துக்குத் தெரிஞ்சது இவங்களைத்தான்.

"தோண்ட எப்பவும் ஆள் இருக்கும். நிறுத்தச் சொல்லத்தான் தலைவர் வேணும்"னார் எங்க மேற்பார்வையாளர்.

குண்டு விழுந்த வீட்டு முன்னாடி தெருவே அலறும். இவர் முதல்ல கேக்கறது, யார் எந்த அறையில படுப்பாங்கன்னு. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு அது தெரியும். அப்புறம் எல்லா எஞ்சினையும் அணைக்கணும். பிள்ளையைத் தேடி அழற தாயையும் அமைதியா இருக்கச் சொல்லணும். தட்டிட்டுக் காது கொடுப்பாங்க, திரும்பத் தட்டுவாங்க.

அதைவிடக் கொடுமை, அதே இடத்துல மறுபடியும் குண்டு போடறது. காப்பாத்த ஓடி வர்றவங்களுக்குன்னே வர்ற குண்டு அது. விமானத்தைக் கண்காணிக்கிறவங்க வயர்லெஸ்ல எச்சரிச்சதும், கீழே குரல் கேட்டுக்கிட்டிருந்தாலும் பையன்களை வெளியே கூப்பிடணும். "திட்டிக்கிட்டேதான் வருவாங்க. வந்தவன்தானே திரும்ப இறங்க முடியும்?" இதைச் சொல்றப்ப அவர் என் முகத்தைப் பார்க்கல. அந்த அமைப்புல 250 பேருக்கு மேல இறந்திருக்காங்க. என்னைக் கேட்டா, அந்தக் கட்டளை போடற தைரியம் இடிபாட்டுக்குள்ள குதிக்கிறதைவிடப் பெரிசு.

ஊர் திரும்பினப்புறம் தேவகோட்டைப் பக்கத்துல ஒரு ஐப்பசி மழை. பூட்டிக் கிடந்த செட்டியார் வீட்டுல இரண்டாம் கட்டுல, அதாவது வீட்டோட உள்பகுதியில, சுவர் ஊறி விழுந்துருச்சு. காவலுக்கு இருந்த ஆச்சியைக் காணோம். அதுக்குள்ள ஜேசிபி வந்து முகப்பை உடைக்கப் பாக்குது. எங்க ரத்ததானக் குழுப் பையன்களும் மம்பட்டியோட பாய்ஞ்சாங்க. "டேய் நில்லுங்கடா, எஞ்சினை அணைக்கச் சொல்லு"ன்னு கத்தினேன். பக்கத்து வீட்டு அண்ணன், "ஆச்சி பட்டாலைக் கூடத்துல படுக்காதுப்பா, அடுப்படி ஓரத்துலதான்"னார். அங்க போய்த் தட்டினோம். சாய்ஞ்சு நின்ன தேக்கு உத்தரத்துக்கு அடியில இருந்து முனகல் வந்துச்சு. தீயணைப்புக்காரங்க வந்து கையாலேயே செங்கல்லை எடுத்து வெளியே கொண்டுவந்தாங்க. கால் எலும்பு முறிவோட தப்பிச்சிருச்சு.

நம்ம பக்கம் வயசானவங்க தனியாக் காவல் இருக்கிற பெரிய வீடுகள் எத்தனையோ இருக்கு. அடுத்த மழைக்குள்ள உங்க தெருவுல யார் எந்தக் கட்டுல படுக்கிறாங்கன்னு கேட்டு வைங்க. எங்க பையன்க எழுதி வைக்க ஆரம்பிச்சுட்டாங்க.