புதுப்பிப்பு: புளூயி டிரஸ்காட் மறுபடி களமிறங்கிய கதை

ஆஸ்திரேலியக் கால்பந்தில் மெல்பர்ன் அணிக்கு ஆடிய கீத் 'புளூயி' டிரஸ்காட் பற்றி முன்பு எழுதியிருந்தேன். 1939, 1940 இரண்டு ஆண்டும் கோப்பை வென்ற அணியில் ஆடியவர், அப்புறம் இரண்டாம் உலகப் போரில் போர் விமானி ஆனவர். போருக்குப் போனதோடு அவருடைய ஆட்டம் முடிந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள்.

இல்லை, இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது. இங்கிலாந்தில் 452ஆவது படைப்பிரிவில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டிப் பெரும் பெயர் வாங்கி ஊர் திரும்பியவர், 1942 மே மாதம் ரிச்மண்ட் அணிக்கு எதிராக ஆடினார். அன்று ஒரு நாளைக்கு அவரையே கேப்டனாக்கினார்கள். அந்தக் கௌரவத்துக்கு அவரைவிடப் பொருத்தமானவர் அப்போது யாரும் இல்லை என்பேன்.

அதன்பின் கிட்டிஹாக் போர் விமானத்தில், நியூ கினியாவின் மில்னே பேயில் ஜப்பானியரோடு சண்டை. அங்கே 76ஆவது படைப்பிரிவின் தலைவர் பீட்டர் டர்ன்புல் இறந்ததும் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. பயிற்சிக் காலத்தில் விமானத்தைத் தரையிறக்கும்போது உயரத்தைக் கணிக்கத் திணறியவர் இவர். 1943 மார்ச் 28 அன்று, மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவில், ஒரு கேடலினா விமானத்தைத் தாக்குவதுபோல் ஒத்திகை பார்த்தபோது தாழப் பாய்ந்து கடலில் மோதினார். வயது 26.

எனக்கு ஆறாத விஷயம் இன்னொன்று. 1940இல் கோப்பை வென்ற அந்த அணியில் டிரஸ்காட்டோடு சேர்த்து நான்கு பேரைப் போர் கொண்டுபோனது: ரான் பராசி, ஹெரால்ட் பால், சிட் ஆண்டர்சன். பராசி 1941இல் லிபியாவின் டோப்ருக்கில் இறந்தார். அவர் மகனும் பிறகு அதே அணிக்கு ஆடி ஆறு கோப்பைகள் வென்றார். அந்த மகனின் கதையைத் தனியாக எழுதுகிறேன்.